ஆடும் கோழியும் வாத்தும் ஒரே அடைப்பில்: பல இனங்களைச் சேர்த்து வைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பூங்கா தொடங்குவோர், பாடசாலை வளவில் பிள்ளைகளுக்காக நாலு உயிர்களை வைத்திருக்க விரும்புவோர், விடுதித் தோட்டத்தில் வருவோர் பார்க்க ஓர் அடைப்பு அமைப்போர் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, எல்லாத்தையும் ஒண்டா விடலாமோ?"

விடலாம். ஆனால் ஒன்றாக விடுவது இந்த வேலையின் கடைசிப் படி. பலர் அதை முதல்நாளே செய்துவிடுகிறார்கள். விலங்குகளை வாங்கி, லான்ட்மாஸ்ரரில் ஏற்றிவந்து, படலையைத் திறந்து உள்ளே விட்ட பிறகுதான் வேலியையும் தீனையும் பற்றி யோசிக்கிறார்கள். சண்டை, வயிற்றூதல், திடீர்ச் சாவு என்று பின்னால் வருபவை பெரும்பாலும் இந்த ஒழுங்குப் பிழையால் வருபவை.

கீழே உள்ளவை பெரிய மிருகக்காட்சிச்சாலைகளில் கைக்கொள்ளப்படும் அதே முறைகள்தான். நம்மூர் நிலத்துக்கும் நம்மிடம் கிடைக்கும் உயிர்களுக்கும் ஏற்றபடி எழுதியிருக்கிறேன். தொடங்குமுன் உங்களிடம் இருக்கவேண்டியவை: ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி இரவுக்கூடு, பொது அடைப்பிலிருந்து தள்ளி ஒரு தனிமைக் கொட்டில், பொது அடைப்போடு ஒட்டி கம்பிவலையால் மறித்த ஓர் இடைக்கூடு, உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரின் தொலைபேசி இலக்கம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலங்கு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

1. சேரக்கூடாதவற்றை முதலில் பிரியுங்கள்

புதிதாகத் தொடங்குவோர் பருமனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆடு கோழியை மிதித்துவிடுமோ என்பதுதான் அவர்களின் கவலை. நான் முதலில் பார்ப்பது உறவை. உறவு நெருங்க நெருங்க ஆபத்துக் கூடும். நெருங்கிய இனங்கள் ஒரே புழுவையும் ஒரே கிருமியையும் பகிர்கின்றன. ஒன்று தாங்கும் நோய் மற்றதைக் கொல்கிறது.

கோழியும் வான்கோழியும் இதற்கு முதல் உதாரணம். கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவின் முட்டைக்குள் ஹிஸ்ரோமோனாஸ் என்ற ஒற்றைக்கல உயிரி ஒளிந்திருக்கும். கோழிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அந்த மண்ணைக் கொத்திய வான்கோழிக்கோ ஈரல் பழுதாகி, கந்தக மஞ்சளில் எச்சம் போய், கூட்டமாகச் சாவு வரும். இதைக் கருந்தலை நோய் என்பார்கள். புழுமுட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மண்புழுவின் உடலிலும் தங்கும். ஆகவே கோழிகளை விற்றுவிட்டேன், இனி அதே வளவில் வான்கோழி விடலாம் என்று நினைப்பது பிழை. வான்கோழி வேண்டுமென்றால் கோழி நடமாடாத நிலம் வேண்டும்.

அடுத்தது வெள்ளாடும் செம்மறியும். இரண்டையும் ஒரே பட்டியில் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் வெள்ளாட்டுக்குச் செப்புச்சத்து கூடுதலாகத் தேவை. அதே அளவு செப்பு செம்மறியின் ஈரலில் தேங்கி, ஒருநாள் திடீரெனக் கொன்றுவிடும். வெள்ளாட்டுக்கென விற்கும் கனியுப்புக் கட்டியைப் பொது அடைப்பில் தொங்கவிட்டால் செம்மறி அதை நக்கிக்கொண்டே இருக்கும். இரத்தம் குடிக்கும் இரைப்பைப் புழுவும் இரண்டுக்கும் பொது. ஒன்றுக்கு மட்டும் புழுமருந்து கொடுத்தால் மற்றது மேய்ச்சல் நிலத்தை மறுபடி நிரப்பும். நம் யாழ்ப்பாணச் செம்மறியை வைத்திருக்க ஆசை என்றால் அதற்குத் தனி அடைப்பு போடுங்கள். மனதார ஊக்குவிப்பேன், அது காக்கப்பட வேண்டிய உள்ளூர் இனம்.

மிருகக்காட்சிச்சாலைகளிலும் இதே கதைதான். செம்மறியும் ஆபிரிக்க வில்டபீஸ்ட் மானும் தாம் நோய்ப்படாமல் சுமக்கும் ஹெர்பிஸ் வைரசுகள் வேறு மான்களுக்கும் எருமைக்கும் உயிர்கொல்லி. அணில்குரங்கு நோயின்றித் தாங்கும் இன்னொரு ஹெர்பிஸ் வைரசு மார்மோசெற் குரங்குகளைக் கொன்றுவிடும். கண்ணுக்கு அழகான சோடி என்பதற்காக அங்கே எதையும் சேர்ப்பதில்லை.

மணிலா வாத்தையும் சாதாரண வாத்தையும் சேர்த்தால் கலப்புக் குஞ்சு பிறக்கும். அது இனம் பெருக்காது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

முயலைத் தரையில் கோழியோடு விடாதீர்கள். பாஸ்ரூரெல்லா என்ற கிருமி இரண்டுக்கும் நோய் தரும், கோழி முயல்குட்டியைக் கொத்தியும் விடும். யாழ்ப்பாணத்து வெயிலை முயல் தாங்குவதும் கஷ்டம். நிழலில், நிலத்திலிருந்து உயர்த்திய கூடுதான் அதற்கு இடம். முயலோடு கினிப்பன்றியையும் வைக்காதீர்கள். முயல் இருமாமல் சுமக்கும் கிருமி கினிப்பன்றிக்கு நுரையீரல் அழற்சியாகும்.

இனி மிஞ்சுவது வெள்ளாடு (இனிமேல் ஆடு என்றால் அதுதான்), கோழி, வாத்து, இடம் நிறைய இருந்தால் கினிக்கோழி. ஆட்டின் குடற்புழுவும் இரத்தக்கழிச்சல் தரும் கொக்சிடியாவும் கோழிக்கு ஒட்டுவதில்லை, கோழியினது ஆட்டுக்கு ஒட்டுவதில்லை. பெரும்பாலானோர் நினைப்பதற்கு இது நேர்மாறு. தூர உறவுகளைச் சேர்ப்பதே தொடங்குவோருக்குப் பாதுகாப்பு.

மான்குட்டியையும் நட்சத்திர ஆமையையும் கேட்டு வருவோர் உண்டு. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவை பாதுகாக்கப்பட்டவை. யாரும் பிடித்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

2. நிலத்தை அளந்து வேலியைக் கட்டுங்கள்

மூன்று நாலு ஆடு, ஒரு பத்துப் பன்னிரண்டு கோழி, ஐந்தாறு வாத்து என்றால் ஒரு பரப்புக் காணியை ஒதுக்குங்கள். அதற்குக் கீழே போனால் பலவீனமான விலங்கு விலகி நிற்க இடம் இருக்காது. பரப்பைவிட வடிவம் முக்கியம். நீளமான ஒடுங்கிய துண்டில் துரத்தப்படும் உயிர் மூலையில் அகப்படும்.

கிடுகு வேலி ஆட்டுக்கு வேலியல்ல, தீன். கதியால் வேலியின் கிளுவையையும் பூவரசையும் அவை ஒரு மாதத்தில் மொட்டையாக்கும். ஆகவே கதியாலுக்கு உள்பக்கமாக நாலடி உயரத்துக்குக் கம்பிவலை அடியுங்கள். ஆட்டின் தலை நுழையும் அளவுக்குக் கண் அகன்ற வலையை வாங்காதீர்கள். கொம்புள்ள ஆடு தலையை நுழைத்துவிட்டு எடுக்கமுடியாமல் நிற்கும், மற்ற ஆடுகள் பின்னால் இடிக்கும். தரையை ஒட்டிய இரண்டடிக்கு அரை அங்குல வலையைச் சேர்த்துக் கட்டினால் கீரி நுழையாது.

கட்டாக்காலி நாய் தோண்டி வரும். வலையை மண்ணுக்குள் புதைக்கச் சொல்லுவார்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணக்கல் தட்டும். அங்கே வலையைப் புதைக்கத் தேவையில்லை. வெளிப்பக்கமாக ஓரடி மடித்துத் தரையில் விரித்து, மேலே கல்லை அடுக்குங்கள். வேலியடியில் தோண்டத் தொடங்கும் நாயின் கால் வலையில் பட்டு விலகும்.

வேலியோரம் அலரி நிற்கிறதா பாருங்கள். கோயிலுக்குப் பூ எடுக்க வீட்டுக்கு வீடு நட்ட மரம் அது. ஆட்டுக்கு அதன் இலை கொடிய நஞ்சு, காய்ந்து விழுந்த இலையும் அப்படியே. பக்கத்து வளவிலிருந்து கிளை நீண்டிருந்தாலும் பேசி வெட்டுவியுங்கள்.

3. ஒவ்வொரு ஒளிப்பிடத்துக்கும் இரண்டு வழி

ஒரு வாசல் மட்டுமுள்ள பெட்டியை வைத்துவிட்டு, ஒளிக்க இடம் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். துரத்தி வரும் விலங்கு வாசலில் நின்றால் அதே பெட்டி பொறியாகிவிடும். எந்தக் கூடும், தகர மறைப்பும், மரக்குற்றிக் குவியலும் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும்.

மூலைகளை மறையுங்கள். வேலியின் நேர்மூலையில் பலகையைச் சரித்துக் கட்டினால் ஓடிவரும் வாத்து அடைபடாமல் வளைந்து போகும். வாத்துக்கு வேகமில்லை, முதலில் நசுங்குவது அதுதான். கோழிக்கு உயரத்தில் தடி கட்டுங்கள். ஆட்டுக்குக் கல் மேடையோ பழைய சீமெந்து வளையமோ போடுங்கள். ஆடு மேலே, கோழி அதற்கும் மேலே, வாத்து தரையில் என்று இடம் பிரிந்தால் முட்டுப்படுவது குறையும்.

4. தீனைப் பிரிக்காமல் விலங்கைச் சேர்க்காதீர்கள்

வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கலப்பு அடைப்புகளில் நான் பார்த்த சாவுகளில் சண்டையால் வந்தவை கொஞ்சம், தீனால் வந்தவை கூட.

கோழித்தீன் ஆட்டுக்கு இனிப்பு மாதிரி. மாச்சத்து நிறைந்த அந்தத் தீனை வயிறுமுட்டத் தின்றால் முன்னிரைப்பையில் அமிலம் பொங்கும். இடதுபக்க வயிறு ஊதும், பல்லை நறநறவெனக் கடிக்கும், அசைபோடுவது நிற்கும், பிறகு தண்ணீர்போலக் கழியும். குடலில் ஏற்கெனவே உள்ள ஒரு கிருமி இந்த வாய்ப்பில் பெருகி நஞ்சு சுரந்தால் சில மணிநேரத்தில் ஆடு விழுந்துவிடும். "தம்பி, ஆடு கோழித்தீனைத் திண்டிட்டுது, விடிய மட்டும் பாப்பமோ?" என்று இரவில் கேட்பவர்களுக்கு என் பதில்: விடியும்வரை பார்க்காதீர்கள். உள்ள தீனையெல்லாம் எடுத்துவிட்டு உடனே கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

தடுக்கும் வழி எளிது. கோழிக்கும் வாத்துக்கும் அவற்றின் கூட்டுக்குள்ளேயே, காலையில் வெளியே விடுமுன்னும் பின்னேரம் அடைத்த பின்னும் தீன் போடுங்கள். பகலில் பொது அடைப்பில் கோழித்தீன் ஒரு பிடியும் இருக்கக்கூடாது. பகலிலும் போடத்தான் வேண்டும் என்றால் செங்குத்துச் சலாகை அடித்த ஒரு கூட்டை வையுங்கள், கோழி நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு. ஆட்டுக்குட்டி பிறந்தால் இந்தக் கூடு பயன்படாது. கோழி நுழையும் இடத்தில் சின்னக் குட்டியும் நுழையும்.

மருந்து கலந்த குஞ்சுத்தீன் இன்னொரு பொறி. கொக்சிடியாவைத் தடுக்கக் கோழிக்குஞ்சுத் தீனில் சேர்க்கும் சில மருந்துகள் வான்கோழிக்கும் குதிரைக்கும் நஞ்சு. பையில் ஒட்டிய துண்டைப் படியுங்கள். விளங்காவிட்டால் விற்பவரிடம் கேட்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற விற்றமின் கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாகத் தேவை. கோழிக்குஞ்சுத் தீனில் மட்டும் வளர்த்தால் கால் வளைந்து, நடக்கமுடியாமல் உட்கார்ந்துவிடும். ஈஸ்ற் கொஞ்சம் கலந்து கொடுத்தால் இது வராது. வளைந்த பிறகு திருத்துவது கடினம்.

ஆட்டின் குழையை ஒருபோதும் தரையில் போடாதீர்கள். முள்முருக்கோ பலாக்குழையோ பூவரசோ, எதுவானாலும் ஆட்டின் தலையுயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் கிடந்தால் கோழி எச்சமிடும், அதிலுள்ள சல்மொனெல்லாக் கிருமி ஆட்டின் வயிற்றுக்குப் போகும். வைக்கோல் தட்டுக்கு மேலே சரிந்த தகரம் போட்டால் கோழி அதில் இரவு தங்காது.

தீன் வைக்கும் இடங்களின் எண்ணிக்கை ஆடுகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும், ஒன்றிலிருந்து மற்றது நாலைந்து எட்டு தள்ளி. மூத்த மறி ஒன்றை மறித்து நின்றாலும் இளையது மற்றதில் தின்னும்.

5. தண்ணீர்: வாத்தை ஒதுக்குங்கள்

வாத்து எந்தத் தண்ணீரையும் சில நிமிடத்தில் சேறாக்கும். அதே தொட்டியில் ஆடு குடிக்காது. கோடையில் குடிக்காமல் நிற்கும் ஆடு விரைவில் சோர்ந்துவிடும். ஆட்டுத் தொட்டியை வாத்துக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாத்தின் தொட்டியை ஜல்லிக்கல் நிரப்பிய குழியின் மேல், கம்பித்தட்டு போட்டு வையுங்கள். சிந்தும் தண்ணீர் கீழே வடிந்தால் சுற்றுவட்டம் ஈரமாகாது. ஈரத்தில்தான் கோழியின் கொக்சிடியா பெருகும்.

தொட்டிக்குள் ஒரு கல்லைப் போடுங்கள். கோழிக்குஞ்சு விழுந்தால் ஏறிவர அது போதும்.

தேங்கிய சூடான தண்ணீரில் இலையும் செத்த பூச்சியும் அழுகினால் பொட்டுலிசம் என்ற நஞ்சூட்டு நோய் வரும். வாத்தின் கழுத்து தொய்ந்து தலை நிலத்தில் விழும். பங்குனி, சித்திரை வெயிலில் தொட்டியைத் தினமும் ஊற்றிக் கழுவவேண்டியது இதனால்தான்.

கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். சுண்ணக்கல் வெடிப்பால் எரு நீர் நேரே கிணற்றுக்கு இறங்கும், நைத்திரேற்று ஏறும். வாத்துத் தொட்டியையும் எருக்கும்பியையும் கிணற்றடியிலிருந்து இயன்றளவு தூரத்தில் வைத்து, கழிவுநீரை வாழைக்கோ தென்னைக்கோ திருப்புங்கள்.

6. புதிதாக வருவதைத் தனிமையில் வையுங்கள்

30 நாள். நண்பர் தந்த கோழி, சொந்தக்காரர் வீட்டு ஆடு என்று விலக்குக் கிடையாது. நோய் வெளியே தெரிய நாள் எடுக்கும், தெரியுமுன்னே பரவும்.

இந்த நாட்களில் புழுமருந்து கொடுங்கள், எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள், கோழிக்கு ராணிக்கெற் தடுப்பூசி போடுவியுங்கள். வாத்து அந்த நோயைத் தான் காட்டாமல் சுமந்து கோழிக்குக் கொடுக்கக்கூடியது. தனிமைக் கொட்டிலுக்கு வேறு வாளி, வேறு செருப்பு. அங்குள்ள வேலையைக் கடைசியாகச் செய்யுங்கள். பழைய விலங்குகளிடம் போய்விட்டுப் புதியவற்றிடம் போகவேண்டுமே தவிர, திருப்பிப் போகக்கூடாது.

7. கம்பிவலைக்கூடாக அறிமுகம்

இடைக்கூட்டின் தேவை இப்போது வருகிறது. இரண்டு தரப்பும் பார்க்கலாம், மணக்கலாம், தொடமுடியாது. ஒரு கிழமையாவது அப்படியே விடுங்கள். வலையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீன் வையுங்கள். முதலில் ஆடு வலையை முட்டும், கோழி கத்திக்கொண்டு பறக்கும். சில நாளில் ஒன்றை ஒன்று பார்க்காமலே தின்னத் தொடங்கும். அதுதான் நீங்கள் காத்திருக்கும் அடையாளம். பத்து நாளாகியும் ஒரு கிடாய் வலையைவிட்டு விலகாமல் முட்டிக்கொண்டே நின்றால் அந்தக் கிடாயைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பொது அடைப்பை முதலில் பழகவேண்டியது சிறியவை. வாத்தையும் கோழியையும் சில நாள் தனியே அதில் விடுங்கள். ஒளிப்பிடமும் வழிகளும் அவற்றுக்குத் தெரிந்த பிறகே ஆடு வரவேண்டும். ஆடு முதலில் வந்தால் முழு இடத்தையும் தன்னுடையதாக்கிவிடும்.

8. சேர்த்து விடும் நாள்

எல்லாம் வயிறு நிறைந்திருக்கும்போது, காலையில் விடுங்கள். பசியில் சண்டை கூடும். பின்னேரம் விட்டால் பிரச்சினை இருட்டில் வரும். அயலில் கோயில் திருவிழாவோ பொங்கல் வெடியோ இருக்கும் நாளைத் தவிருங்கள். பார்வையாளரையும் அன்று எடுக்காதீர்கள்.

இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பலகை கையில் இருக்கட்டும், இடையில் புகுத்தி மறைக்க. தடியால் அடிக்காதீர்கள், பயந்த விலங்கு இன்னும் வேகமாக மோதும். ஆடுகளில் சாதுவானதை முதலில் விட்டு, அரை மணிநேரம் பார்த்து, அடுத்ததை விடுங்கள். கொம்புள்ளதையும் கொம்பில்லாததையும் ஒரே கூட்டத்தில் வைப்பதை நான் விரும்புவதில்லை.

கொஞ்சம் துரத்துவது, தலையை ஆட்டுவது, இறகை விரிப்பது இயல்பு. விடுங்கள். ஒன்றையே திரும்பத் திரும்பத் துரத்துவது, மூலையில் மடக்குவது, இரத்தம் தெரிவது, இந்த மூன்றில் ஒன்று நடந்தால் பிரியுங்கள். கோழி இரத்தத்தைக் கண்டால் கொத்துவதை நிறுத்தாது.

முதல்நாள் இரண்டு மூன்று மணிநேரம் போதும். நாளுக்கு நாள் கூட்டுங்கள். இரவில் ஒருபோதும் சேர்த்து விடாதீர்கள், பழகிய பிறகும். அடைக்கும்போது எண்ணிப் பார்க்கலாம், நொண்டுவது தெரியும், மரநாயும் பாம்பும் வந்தால் ஒன்று மற்றதை மிதிக்காது.

9. முதல் மாதத்தில் கவனிக்கவேண்டியவை

யார் தின்னவில்லை என்று பாருங்கள். சண்டை இல்லாத அடைப்பிலும் ஒதுக்கப்பட்ட ஒரு விலங்கு மெதுவாக மெலியும். ஆட்டின் முதுகெலும்பைக் கையால் தடவிப் பார்ப்பதும் கோழியின் நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்ப்பதும் கண்ணைவிட உண்மை சொல்லும். கீழ் இமையை விரித்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் ஆட்டுக்குப் புழு.

ஆண் வாத்துக்குப் பெட்டை போதாவிட்டால் கோழிப்பேட்டின் மேல் ஏறும். கோழியின் உடல் அதைத் தாங்காது, உட்காயம்பட்டுச் சாகும். ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டை வாத்து வைத்திருங்கள், அல்லது ஆண் வாத்தே வேண்டாம். முட்டைக்கு ஆண் தேவையில்லை. கினிக்கோழி சேவலை விடாமல் துரத்தும் இயல்புள்ளது. இடம் சிறிதென்றால் அதை எடுத்துவிடுங்கள்.

பார்வையாளர் வரத்தொடங்கியதும் புது ஆபத்து வரும். பிள்ளைகள் பாணும் விசுக்கோத்தும் நீட்டுவார்கள், சாப்பாட்டுப் பார்சலின் லஞ்சீற் காற்றில் உள்ளே பறக்கும். உப்புச்சுவைக்காக ஆடு அதை விழுங்கி வயிறு அடைபடும். வேலிக்கு வெளியே மூன்றடி தள்ளி இன்னொரு தடுப்பு போடுங்கள், குப்பைவாளி வையுங்கள், வெளியேறும் வழியில் சவர்க்காரமும் தண்ணீரும் வையுங்கள். கைகழுவாமல் எந்தப் பிள்ளையையும் வெளியே விடக்கூடாது.

10. திரும்பப் பிரிக்கவேண்டிய காலங்கள்

சேர்த்துவிட்டால் என்றைக்கும் சேர்த்துத்தான் என்று இல்லை. ஆடு குட்டி போட இரண்டு கிழமை இருக்கும்போதே தனிக்கூட்டுக்கு மாற்றுங்கள். குட்டி கால்பிடித்து ஓடும்வரை அங்கேயே இருக்கட்டும். பெரிய மிருகக்காட்சிச்சாலைகளில் வரிக்குதிரையும் மானும் ஒன்றாக நிற்கும் வெளிகளில் ஆண் வரிக்குதிரை புதிதாகப் பிறந்த மான்குட்டியைக் கொன்றுவிடக்கூடும், அதனால் கன்று ஈனும் காலத்தில் பிரிக்கிறார்கள். நம் அடைப்பில் ஆபத்து மற்றப் பக்கமாகவும் வரும். குட்டியைக் காக்கும் தாயாடு, அருகே வந்த வாத்தை முட்டித் தூக்கி எறியும். அடைகிடக்கும் கோழியையும் ஒதுக்குங்கள். கிடாய் மதங்கொண்டு நாறத் தொடங்கியதும் தனியே கட்டுங்கள்.

மாரிக்கு முன்னேற்பாடு தனி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை பிடித்தால் செம்மண் நிலம் சேறாகும், பள்ளமான வளவில் தண்ணீர் நிற்கும். வாத்துக்குக் கொண்டாட்டம், ஆட்டின் குளம்பு அழுகும். ஆட்டுக்கொட்டிலை நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திப் பலகைத் தளம் போட்டு, பனையோலைக்கு மேல் தறப்பாள் கட்டி, மழை விடாத நாட்களில் அங்கேயே குழை கொடுங்கள். வாத்து மட்டும் வெளியே நிற்கட்டும். மழை ஓய்ந்ததும் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புத்தூள் தூவி, காய்ந்த பிறகு ஆடுகளை மறுபடி விடுங்கள். அப்போதும் எட்டாவது படியில் சொன்னபடி, காலையில், வயிறு நிறைந்திருக்க, ஒவ்வொன்றாக.